ஆயாக் கொட்டகையில் கேட்ட மழலை

பேச்சு முதிர்வதற்கு முன் குழந்தை எழுப்பும் நிரம்பா ஒலிகளை மழலை என்றும் குதலை என்றும் தமிழ் வழங்கிவந்துள்ளது. அவ்வொலிக்குப் பொருள் கூட்டுபவர் கேட்பவரே என்பதைப் புறநானூற்றின் 92ஆம் பாட்டு உணர்த்துகிறது. யாழோடு ஒவ்வாமலும் பொருள் விளங்காமலும் வரும் மழலை தந்தையரின் அன்பைப் பெறுவதுபோலவே தம் சொல்லும் அதியமானின் அருளைப் பெற்றது என்கிறார் ஔவையார். பின்னாளில் குழந்தைமையைப் பத்துப் பருவங்களாக வகுத்த பிள்ளைத்தமிழ், ஐந்தாம் திங்களளவில் குழந்தை தலைநிமிர்ந்து ஆடும் பருவத்தைச் செங்கீரை என்றது. கீர் என்பதற்குச் சொல் என்று பொருள்கொண்டு, அதை மழலை தொடங்கும் பருவமாகக் காண்போரும் உண்டு. இவ்விலக்கியங்களில் குழந்தையின் குரல் கேட்கும் தொலைவில் பெற்றோரோ செவிலியோ எப்போதும் இருக்கின்றனர்.

மலாயாவின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் அந்நிலை மாறியது. 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டு, 1972இல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறும்வரை போர்ட் ஸ்வெட்டன்ஹம் எனப்பட்ட துறைமுகத்தின் வழியே வந்திறங்கிய தமிழர் பலர், சுற்றிலும் பெருகிய ரப்பர்த் தோட்டங்களின் லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், குடியேறினர். வெயில் ஏறுமுன் குளிர்ந்த பொழுதிலேயே ரப்பர் மரம் மிகுதியாகப் பால் வடிப்பதால், பால்வெட்டும் பெண்களும் விடியுமுன் பெரட்டு எனப்பட்ட ஆள்கணக்கெடுப்புக்குச் செல்ல வேண்டியிருந்தது; கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகை எனப்பட்ட குழந்தைக் காப்பிடத்துக்குச் சென்றன. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பு பேறுகாலப் படியையும் தோட்டப் பள்ளியையும் போலவே குழந்தைக் காப்பிடத்தையும் முதலாளியின் கடமைகளுள் சேர்த்தது. குழந்தைச் சாவு மிகுந்திருந்த அக்காலத்தில் அலுவலரின் கவலை பாலையும் தூய்மையையும் பற்றியதாக இருந்ததேயன்றிப் பேச்சைப் பற்றியதாக இல்லை. அதற்காக அவர்களைக் குறைகூறுவதும் பொருந்தாது.

ஆனால் மழலையின் போக்கு அக்கொட்டகையோடு நெருங்கிய தொடர்புடையது. ஏறத்தாழ ஆறாம் மாதம் முதல் குழந்தை மெய்யையும் உயிரையும் இணைத்து, ஒரே அசையைத் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. இதழ் கூடிப் பிறக்கும் மகர பகர ஒலிகள் முந்திவருவதாலேயே பல மொழிகளில் தாய் தந்தையர் பெயர்கள் ஒத்திருக்கின்றன என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் விளக்கினார். தமிழின் அம்மா, அப்பாவும் மலாயின் எமாக், பாப்பாவும் அவ்வகையினவே. அந்த அசைகள் பிறந்த முற்பகல் நேரத்தில் தாய் மரத்தடியில் இருந்தாள். சேலைத் தொட்டிலை ஆட்டியபடி 'இங்கா', 'மம்மு' என்று பாலுக்கும் சோற்றுக்கும் குழந்தைச்சொல் தந்து மறுமொழி கூறியவள், பெரும்பாலும் பால்வெட்டும் வயதைக் கடந்த ஒரு முதியவள்.

ஆயா என்னும் பணிப்பெயர் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து வந்தது. ஆனால் அத்தோட்டங்களுக்கு ஆள் சென்ற வடஆர்க்காடு போன்ற மாவட்டங்களின் பேச்சுவழக்கில் அதே ஒலி பாட்டியைக் குறிக்கும். கொட்டகைக் குழந்தை 'ஆயா' என்று கூப்பிட்டபோது அழைக்கப்பட்டவள் கூலி பெறும் பணியாளா, உறவா என்பதைப் பிரித்தறியும் தேவை அதற்கு இருக்கவில்லை.