சென்சஸில் ஒரு வரி, ஊரில் இரண்டு தெரு

ஊர் வரலாறு எழுதக் கிளம்புகிறவர்கள் எல்லாரும் ஒரு நாள் சென்சஸ் எக்செல் கோப்பில் வந்து நிற்போம். 1951 சென்சஸோடு தொடங்கிய மாவட்டக் கையேடுகளின் இன்றைய வடிவம் அது. ஒரு கிராமத்துக்கு ஒரே ஒரு வரி. வீடுகள் எத்தனை, ஆண் பெண் எத்தனை, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, பட்டியல் சாதியினர் எத்தனை என்று எல்லாம் வந்துவிடும். 2011-ல் போக்குவரத்துக்கு மட்டும் ஏகப்பட்ட கட்டங்கள். அரசு பஸ், தனியார் பஸ், ரயில் நிலையம், ஆட்டோ, டிராக்டர், மாட்டுவண்டி வரைக்கும் கேட்டிருக்கிறார்கள். வசதி இல்லாவிட்டால், கிடைக்கிற இடம் எவ்வளவு தூரம் என்பதற்கு மூன்றே குறியீடு: 5 கிலோமீட்டருக்குள், 5 முதல் 10, அதற்கு மேல்.

பார்க்க அருமையான டேட்டா. ஆனால் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவன் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. ஒரு வரி என்றால் எது?

இங்கே ஒரு வரி என்பது ஒரு வருவாய் கிராமம். நாம் வாயால் சொல்கிற 'எங்க ஊர்' அது இல்லை. மதராஸ் மாகாணத்தில் சர்வே, செட்டில்மெண்ட் வேலைக்கென்று 1858-ல் துறை அமைத்து, நில வரிக்காக எல்லை அளந்தார்களே, அந்த வழியில் வந்த அலகு. வயல், ஏரி, புறம்போக்கு, நாலைந்து குக்கிராமம் எல்லாம் சேர்ந்தது. அதில் ஏதாவது ஓர் ஓரத்தில் பஸ் நின்றாலும் அந்தக் கட்டத்தில் 'உண்டு' என்றுதான் விழும்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்க. வரிக்காகப் போட்ட பழைய நில ஆவணங்களில் ஊர் நத்தம் தனி, சேரி நத்தம் தனி என்று காட்டியிருப்பார்கள். சென்சஸ் வரியில் அந்தப் பிரிவு காணாமல் போய்விடுகிறது. காலனியில் எத்தனை பேர் என்பதை ஓரளவு ஊகிக்கலாம், பட்டியல் சாதி எண்ணிக்கை இருக்கிறது. பஸ் இருக்கிறது என்பதும் தெரிகிறது. அந்த மக்கள் பஸ்ஸுக்கு எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பது மட்டும் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் பிரசவ வலி எடுத்தவளுக்கும் அந்த நடைதான் போக்குவரத்து வசதியே.

அரசுக்கும் இது தெரியாமல் இல்லை. 2000 டிசம்பரில் தொடங்கிய பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் வருவாய் கிராமத்தை விட்டுவிட்டு, குடியிருப்பை அலகாக எடுத்தது. சமவெளியில் 500 பேர், மலை, பாலைவனம், பழங்குடிப் பகுதிகளில் 250 பேர் இருந்தால் சாலை. சமவெளியில் 500 மீட்டருக்குள் இருக்கிற குடியிருப்புகளின் தலைகளைக் கூட்டிக்கொள்ளலாம். ஆக, மக்கள்தொகை என்பது வெறும் புள்ளிவிவரம் இல்லை, தார் ரோடு வருமா வராதா என்பதே அதில்தான் இருந்தது. அதே சமயம், 500 மீட்டருக்குள் ஏற்கெனவே நல்ல சாலை இருந்தால் அந்தக் குடியிருப்பு 'இணைக்கப்பட்டது' ஆகிவிடும். மழைக்காலத்தில் அந்த அரை கிலோமீட்டர் சேறு கணக்கில் வராது.

வேறு மாதிரியும் பார்க்க முடியும் என்பதற்கு விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு உதாரணம். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் தன் மாணவர்களை வைத்துச் சில கிராமங்களை ஆராய்ந்து 1918-ல் வெளியிட்டார். அதில் இதுவும் ஒன்று. 1936-37-லும், 1980-களிலும், 2008-லும் வெவ்வேறு ஆய்வாளர்கள் திரும்பப் போனார்கள். ஆள் நேரில் போனால்தான் ஊரும் சேரியும் தனித்தனியாகக் கண்ணில் படும்.

அதனால் உங்கள் ஊரைப் பற்றி எழுதும்போது சென்சஸ் வரியை எடுத்துக்கொள்ளுங்கள், அதோடு நிறுத்தாதீர்கள். ஊராட்சியில் குக்கிராமங்களின் பெயர்ப் பட்டியல் வாங்குங்கள். ஒவ்வொன்றிலிருந்தும் பஸ் நிறுத்தம் வரை நடந்து பாருங்கள். எத்தனை நிமிஷம், வழியில் என்ன ஓடை, முதல் பஸ் எத்தனை மணிக்கு, கடைசி பஸ் எத்தனை மணிக்கு, எந்த வருஷத்திலிருந்து வருகிறது என்று எழுதி வையுங்கள். கேட்டால் பெரியவர்கள் சொல்வார்கள். அந்தக் கட்டங்கள் எந்த எக்செல்லிலும் இல்லை.