வழியறிவும் வழியுடைமையும்: இயங்குநிலை வழிப்படுத்தலின் வரலாறு பற்றிய ஓர் அறிமுகம்

மலையகப் பெருந்தோட்டங்களின் வரலாற்றை எழுதுவோர் கூலி, குடியுரிமை, தொழிற்சங்கம் ஆகியவற்றுக்கு அளித்த கவனத்தைக் கடிதப் போக்குவரத்துக்கு அளித்தாரல்லர். லுணுகலையைச் சூழ்ந்த தோட்டங்களாயினும் ஊவாவின் ஏனைய தோட்டங்களாயினும், தொழிலாளிக்கெனத் தனி முகவரி நெடுங்காலம் இருந்ததில்லை. தமிழகத்திலிருந்து வந்த கடிதம் தபாற்கந்தோரை அடையும். தோட்டத்துத் தபாற்காரன் பையைச் சுமந்து தோட்டக் கந்தோருக்குக் கொண்டுசெல்வான். அங்கிருந்தே அது லயத்தைச் சேர்தல் வேண்டும். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவுசெய்து, குடும்பங்களைக் கடலின் இருமருங்கிலும் பிரித்தது. பிரிந்தோரின் உறவு இவ்வொற்றை வழியிலேயே தங்கியிருந்தது. வழி ஒன்று; அதனைத் தீர்மானிப்போர் தோட்ட நிர்வாகத்தினர்; கந்தோர்க் கதவு அடைபட்டால் மாற்றுவழி இல்லை.

இத்தகைய ஏற்பாட்டைக் கணினியியலார் நிலையான வழிப்படுத்தல் என்பர். கணினி வலையமைப்பில் செய்தியானது சிறு பொதிகளாகப் பகுக்கப்பட்டுச் செல்கின்றது. ஒவ்வொரு சந்தியிலும் ‘ரூட்டர்’ எனப்படும் வழிப்படுத்தி நின்று, பொதியின் முகவரியைத் தன்னிடமுள்ள அட்டவணையோடு ஒப்புநோக்கி, அடுத்த சந்திக்கு அதனை அனுப்புகின்றது. அவ்வட்டவணையை மனிதர் எழுதி வைப்பின் அது நிலையானது. வழிப்படுத்திகள் தமக்குள் செய்தி பரிமாறித் தாமே எழுதித் திருத்திக்கொள்ளின் அது இயங்குநிலையானது. அப்பரிமாற்றத்தின் விதிகளே இயங்குநிலை வழிப்படுத்தல் நெறிமுறைகள். அவற்றின் தோற்றத்தையும் எல்லையையும் பொருளியல் அடித்தளத்தோடு இணைத்து நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நெறிமுறைகளின் மூலக்கருத்து மக்கள் நலன் கருதித் தோன்றியதன்று. அணுவாயுதப் போரில் மைய நிலையங்கள் அழிந்த பின்னரும் கட்டளைகள் சென்றடைதல் வேண்டும் என்னும் தேவையை முன்னிறுத்தி, அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த போல் பரன் மையமற்ற வலையமைப்புப் பற்றிய தம் ஆய்வுகளை 1964இல் வெளியிட்டார். 1969இல் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களத்தின் நிதியில் நான்கு நிலையங்களோடு தொடங்கிய ஆர்ப்பாநெட்டின் உடனடி நோக்கம் கணினி வளங்களைப் பகிர்ந்துகொள்வதே. எனினும், சந்திகள் தாமே வழிதேரும் முறை அதிலேயே செயல்வடிவம் பெற்றது. படையதிகாரத்தின் கட்டளைத்தொடரைக் காக்க முனைந்த சிந்தனை, மையத்தின் கட்டளையை வேண்டாத ஓர் அமைப்புக்கு வழிகோலியமை வரலாற்றின் முரண்களுள் ஒன்று எனலாம்.

ஆர்ப்பாநெட் முதலிற் கையாண்டது தூரத்திசையன் முறையாகும். பெல்மன், ஃபோர்டு ஆகியோர் 1950களில் வகுத்த கணிதம் இதற்கு அடிப்படை. ஒவ்வொரு சந்தியும் தன் அயற்சந்திகளிடம் ‘இன்ன இடம் என்னிடமிருந்து இத்துணைத் தூரம்’ என்று மட்டும் கூறும். முழுப்படம் எவரிடமும் இராது. லுணுகலையையே எடுத்துக்கொள்வோம். பதுளை–செங்கலடி வீதியில் அதற்கு ஒருபுறம் பசறை அயல். மறுபுறம் பிபிலை அயல். பதுளைக்குப் பசறை வழியே குறுகியது. அங்கு மண் சரியின், பிபிலை, மொனராகலை வழியே சுற்றிப் பசறையை அடையலாம். இம்மாற்றத்தை வழிப்படுத்தி தானே கண்டுகொள்ளும். மொனராகலை வழியும் இல்லையெனக் கொள்வோம். அப்பொழுதும் பிபிலை, ‘பதுளைக்கு என்னிடம் வழியுண்டு’ எனப் பழைய செய்தியையே கூறும். அவ்வழி தன்னூடாகவே செல்வது என்பதை லுணுகலை அறியாது. பொதி இரண்டுக்குமிடையே அலையும். கணிக்கப்படும் தூரமோ முடிவின்றி வளரும். 1988இல் ஆவணப்படுத்தப்பட்ட ‘ரிப்’ நெறிமுறை இதற்கு ஒரு வரம்பிட்டது. 30 செக்கனுக்கு ஒருமுறை செய்தி பரிமாறும் அது, 16 தாவல்களை எட்டிய இடத்தை அடைய முடியாத இடமெனக் கொள்ளும்.

செவிவழிச் செய்தியை நம்பும் இக்குறையை உணர்ந்தே 1979இல் ஆர்ப்பாநெட் இணைப்புநிலை முறைக்கு மாறியது. இதில் ஒவ்வொரு சந்தியும் தன்னோடு நேரே இணைந்த பாதைகளின் நிலையை மட்டும், ஆனால் எல்லாச் சந்திகளுக்கும், அறிவிக்கும். எல்லாச் சந்திகளும் ஒரே படத்தைப் பெற்று, எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்ட முறைபோன்ற ஒன்றால் குறுகிய வழியைக் கணிக்கும். 1989இல் வெளியான ‘ஓஎஸ்பிஎஃப்’ நெறிமுறை இம்மரபினது. தான் கண்டதை மட்டும் கூறுதல், அதனை யாவர்க்கும் கூறுதல் என்னும் இவ்விரு விதிகளும் சேர்ந்து வழியறிவைப் பொது அறிவாக்கின.

ஆயினும் இவ்வறிவு ஒரு நிறுவனத்தின் எல்லைக்குள்ளேயே பொதுவானது. நிறுவனங்களுக்கிடையே 1989இல் உருவான ‘பிஜிபி’ நெறிமுறை ஆள்கின்றது. எது குறுகிய வழி என்பதைக் காட்டிலும், எவருடைய பாதையில் எவருக்குக் கட்டணம் செலுத்திச் செல்வது என்னும் ஒப்பந்தமே அங்கு வழியைப் பெரிதும் தீர்மானிக்கின்றது. அறிந்த வழிகளுள் எதனை அயலுக்கு அறிவிப்பது, எதனை மறைப்பது என்பது உரிமையாளரின் கொள்கை. உழைப்பு சமூகமயமாகியும் உடைமை தனியாரிடம் நிற்கும் முரண்பாடு, இங்கு தொழில்நுட்ப விதிக்குள்ளேயே இடம்பெற்றுவிட்டது.

மற்றோர் எல்லை இதனினும் அடிப்படையானது. 2004 ஆகஸ்டில் கொழும்புத் துறைமுகத்தருகே கப்பலொன்றின் நங்கூரம் சீ-மீ-வீ 3 கடலடி வடத்தைச் சேதப்படுத்தியபோது, இலங்கையின் இணையத் தொடர்பு பெருமளவில் அற்றுப்போயிற்று. நெறிமுறைகள் தவறவில்லை, தேர்ந்துகொள்ளப் போதிய மாற்றுப்பாதை இருக்கவில்லை. இல்லாத வழியை வழியறிவு படைப்பதில்லை.

2021 மார்ச் 20 அன்று லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிப் புறப்பட்ட பஸ் பசறைப் பகுதியிற் பள்ளத்தில் வீழ்ந்தது. மாண்டோர் பதினான்கு பேருக்குக் குறையாதோர். சரிந்த பாறையொன்று அவ்விடத்து வீதியை ஏற்கெனவே ஒடுக்கியிருந்தது. பழுது மறைந்திருக்கவில்லை, கண்முன்னே கிடந்தது. இணைப்பொன்று அறுந்ததைச் சில செக்கன்களில் வலையமைப்பெங்கும் பரப்பும் ஆற்றலை மனிதகுலம் பெற்றுவிட்டது. ஆனால் பாறையை அகற்றுவது அறிவு மட்டும் செய்யக்கூடிய வேலையன்று. எவருடைய பாதை பேணப்பட வேண்டும் என்று முடிவுசெய்யும் அதிகாரத்தின் வேலை அது.

எனவே லயத்துக்கு முகவரி வேண்டும், ஊருக்கு இரண்டாவது பாதை வேண்டும் என்னும் கோரிக்கைகளைத் தொழில்நுட்பத்துக்குப் புறம்பானவை எனக் கொள்ளுதல் தவறு. முகவரியில்லாதவனுக்குப் பொதி செல்லாது. ஒற்றைப் பாதையில் தேர்வுக்கு இடமில்லை. இயங்குநிலை வழிப்படுத்தல் செயற்படுவதற்கான முன்நிபந்தனைகளையே லுணுகலையின் மக்கள் கோருகின்றனர்.