துப்புக்குப் பூட்டு

வெள்ளிக்கிழமை லீவென்றால் அல் கோபார் ரூமில் எங்களுக்குத் துப்பறியும் கேம்தான். துப்பு சிக்காமல் கதை நகராது என்ற ஏற்பாடு பழசு. 1983இல் யூஜி ஹோரி ஜப்பானில் உருவாக்கிய ‘போர்ட்டோபியா’ கொலை வழக்கிலேயே, கேட்க வேண்டியதைக் கேட்டால்தான் அடுத்த கட்டம் திறக்கும். ஆனால் அதற்கும் முன்பு, 1981இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் ஆட்டப் பெட்டியில் பூட்டே கிடையாது. லண்டன் வரைபடம், விலாசப் புத்தகம், செய்தித்தாள். எந்த வீட்டுக் கதவையும் தட்டலாம். என் ஓட்டு அதற்குத்தான்.

2001இன் ‘ஏஸ் அட்டர்னி’ ஒரே கெடுபிடி. சாட்சி புளுகும் வாக்கியத்தில் சரியான ஆதாரத்தை நீட்ட வேண்டும். கொலைகாரன் யாரென்று நமக்கு முன்பே தெரிந்தாலும், கோர்ட் நம்மை விடாது.

2018இல் லூகாஸ் போப் ‘ஓப்ரா டின்’னில் சாமர்த்தியம் காட்டினார். கப்பலில் இருந்த 60 பேரின் கதியைக் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று பேருடையது சரியானால்தான் ஆட்டம் ஒப்புக்கொள்ளும். குருட்டு ஊகம் பலிக்காது. நான் முகங்களையே முறைத்துக்கொண்டிருக்க, ரூம்மேட் திரையைத் தொட்டான்: “மூஞ்சிய விடு மச்சான், தூளிக்கு வெளிய நீட்டுற கால பாரு. பக்கத்துல நம்பர் தொங்குது, அத ஆள் பட்டியல்ல தேடு.”