விக்கலும் ஒரு நூல் துண்டும்: கொஞ்சம் வரலாறு



உங்களில் பலர் இப்போது அம்மா, அப்பா ஆகிவிட்டீர்கள். சிலர் தாத்தா பாட்டியே ஆகிவிட்டீர்கள்! "டீச்சர், பால் குடித்ததும் பாப்பாவுக்கு விக்கல் வருகிறது. மாமியார் ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்கலாம் என்கிறார், டாக்டர் கூடாது என்கிறார், யார் சொல்வதைக் கேட்பது?" என்று இந்த மாதம் மட்டும் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். நான் வைத்தியம் படித்தவள் அல்ல, சரித்திரம் சொல்லிக்கொடுத்தவள். ஆனால் இந்தக் கேள்விக்குச் சரித்திரத்திலும் பதில் இருக்கிறது. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

விக்கலுக்குக் கைவைத்தியம் சொல்வது மிகப் பழைய வழக்கம். கிரேக்க ஞானி பிளேட்டோ எழுதிய 'சிம்போசியம்' நூலில் ஒரு விருந்து நடக்கிறது. நாடக ஆசிரியர் அரிஸ்டோபனீசின் முறை வரும்போது அவருக்கு விக்கல் பிடித்துக்கொள்கிறது. பக்கத்தில் இருந்த மருத்துவர் எரிக்சிமாக்கஸ் மூன்று வழி சொல்கிறார்: மூச்சை அடக்கு, தண்ணீரில் தொண்டையைக் கொப்பளி, அதற்கும் நிற்காவிட்டால் மூக்கை நிமிண்டித் தும்மு. மருத்துவர் தன் நீண்ட உரையை முடிப்பதற்குள் விக்கல் நின்றுவிடுகிறது. தும்மல்தான் நிறுத்தியது என்கிறார் அரிஸ்டோபனீஸ். அதற்குள் எவ்வளவு நேரம் ஓடிவிட்டது என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை!

நம் நாட்டில் சரக சம்ஹிதை விக்கலை ஐந்தாகப் பிரித்தது. மூன்று ஆபத்தானவை. மற்ற இரண்டு எளிதில் தீர்பவை. அந்த இரண்டில் ஒன்றின் பெயர் 'அன்னஜா', அதாவது உணவால் வருவது. திருவள்ளுவரும் நிலையாமை அதிகாரத்தில், உயிர் பிரியும் நேரத்து விக்கலைச் சொல்லி, அதற்கு முன்பே நல்லது செய்துவிடு என்கிறார். சாகும்போது வரும் விக்கல் வேறு, சாப்பிட்டதும் வரும் விக்கல் வேறு என்று நம் முன்னோருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. பால் குடித்த குழந்தையின் விக்கல் இரண்டாவது வகை. "விக்கினால் பிள்ளை வளருது" என்று நம் பாட்டிமார் சிரித்துக்கொண்டே சொன்னதும் அதனால்தான்.

அந்தப் பாட்டிமார் இன்னொன்றும் செய்வார்கள். சேலையிலிருந்து ஒரு நூலை உருவி, எச்சிலில் நனைத்துக் குழந்தையின் நெற்றியில் ஒட்டுவார்கள். இது நம்மூர்ப் பழக்கம் மட்டும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். மெக்சிகோவிலும் பிரேசிலிலும் இதே வழக்கம் உண்டு, அங்கே சிவப்பு நூல். பிலிப்பைன்சிலும் இப்படி நெற்றியில் ஒட்டுகிறார்கள். நூல் விக்கலை நிறுத்தாது. ஆனால் பதறுகிற தாயின் கைக்கு ஒரு வேலை கொடுக்கும். அதற்குள் விக்கல் தானே நின்றுவிடும். முக்கியமான விஷயம், நூல் குழந்தையின் வாய்க்குள் போவதில்லை.

வாய்க்குள் போகிற வைத்தியம் பெருகியபோதுதான் சிக்கல் வந்தது. இங்கிலாந்தில் ஆலைகள் பெருகிய காலத்தில், அழுகிற குழந்தைகளை அடக்க 'காட்ஃப்ரே கார்டியல்' என்ற பானகம் கொடுத்தார்கள். அதில் இருந்தது அபின். அமெரிக்காவில் 1849 முதல் விற்ற 'மிசஸ் வின்ஸ்லோ' சிரப்பில் மார்ஃபின் இருந்தது. 1906-இல் வந்த சட்டம், உள்ளே இருக்கும் அபின் வகையைப் புட்டியில் எழுதியே ஆகவேண்டும் என்றது. 1911-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் தன் நூலில் அந்தச் சிரப்பைக் குழந்தைகளைக் கொல்லும் மருந்துகளின் வரிசையில் வைத்தது. பம்பாய்ப் பஞ்சாலைகளுக்குப் போன தாய்மாரும் 'பால கோலி' என்ற அபின் உருண்டையைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத ஏழைகள் அவர்கள்.

நமக்கெல்லாம் தெரிந்த கிரைப் வாட்டருக்கும் ஒரு கதை உண்டு. 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் தயாரித்தது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, தண்ணீர், கூடவே 3.6 சதவீதம் ஆல்கஹால்! குழந்தை அமைதியானதில் ஆச்சரியம் என்ன? பிரிட்டனில் 1992-இல்தான் ஆல்கஹாலை எடுத்தார்கள். ஆல்கஹால் இல்லாத கிரைப் வாட்டரும் விக்கலை நிறுத்தும் என்பதற்கு உறுதியான சான்று கிடையாது.

சரி, விக்கல் என்றால் என்ன? நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசை திடீரென்று சுருங்குகிறது. காற்று உள்ளே பாய்கிறது. உடனே குரல்வளை மூடிக்கொள்ள, 'விக்' என்று சத்தம் வருகிறது. வயிற்றில் இருக்கும்போதே குழந்தை விக்கத் தொடங்கிவிடும், பல தாய்மார் அதை உணர்ந்திருப்பீர்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் விக்கிய 13 பச்சிளங்குழந்தைகளின் மூளை அலைகளைப் பதிவு செய்து 2019-இல் வெளியிட்டார்கள். ஒவ்வொரு விக்கலுக்கும் மூளையில் அலைகள் எழுந்தன. மூச்சுத் தசைகளை அடக்கி ஆளக் குழந்தை இப்படித்தான் பழகுகிறதோ என்பது அவர்கள் கருத்து. "பிள்ளை வளருது" என்ற பாட்டி ரொம்பத் தூரம் தள்ளிப் போகவில்லை!

ஆகவே செய்யவேண்டியது கொஞ்சம்தான். பாலைச் சற்று நிறுத்துங்கள். குழந்தையை நிமிர்த்தித் தோளில் சாய்த்து, முதுகை மெல்லத் தடவி ஏப்பம் விடச் செய்யுங்கள். பசியில் வீறிட்டு அழும்வரை காத்திராமல் முன்பே பால் கொடுங்கள், காற்றை விழுங்குவது குறையும். விக்கும்போது குழந்தை சிரித்துக்கொண்டிருந்தால் சும்மா விடுங்கள், சில நிமிடங்களில் தானே நிற்கும். விக்கலோடு மூச்சுத் திணறல், உடம்பு நீலம் பாய்தல், ஓயாத வாந்தி, பால் மறுத்தல் இருந்தாலோ, விக்கல் மணிக்கணக்கில் நீடித்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம், சுட்ட வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதும் வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, குழந்தையின் தசைகளை முடக்கும் 'பொட்டுலிசம்' நோயைத் தரலாம். கைக்குழந்தைகளுக்கு வரும் இந்த நோயை 1976-இல்தான் மருத்துவ உலகமே கண்டுகொண்டது. பாட்டிக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

"நாங்களெல்லாம் அதைக் குடித்து வளரவில்லையா?" என்று வீட்டில் கேட்பார்கள். வளர்ந்தவர்கள்தானே இன்று பேசமுடிகிறது! நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தியாவில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. இன்று அது ஆயிரத்துக்கு 30-க்கும் கீழே வந்திருக்கிறது. சுத்தமும் தடுப்பூசியும் தாய்ப்பாலும் பிரசவ வசதியும் கொண்டுவந்த மாற்றம் இது.

பெரியவர்களிடம் சண்டை போடாதீர்கள், பிள்ளைகளே. அவர்கள் அக்கறையால்தான் சொல்கிறார்கள். "அத்தை, தண்ணீர் வேண்டாம், ஒரு நூல் ஒட்டுங்களேன்" என்று நெற்றியைக் காட்டுங்கள். அவர்கள் மனமும் குளிரும், குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது. நூலைக் கடைசியில் மறக்காமல் எடுத்துவிடுங்கள், வாய்க்குப் போய்விடக்கூடாது.

உங்கள் ஊரில் விக்கலுக்கு என்ன செய்வார்கள் என்று கீழே எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன். குழந்தைச் செல்வங்களுக்கு என் ஆசிகள்.