அடைக்கோழி கற்பித்த பாடம்

முட்டைக்குள் உறங்கும் உயிரை எழுப்பும் வித்தையை மனிதனுக்கு முதன்முதலிற் கற்பித்த ஆசான் எவர் என வினவின், அடைக்கோழியே என்று விடை கூறல் வேண்டும். மன்னர்தம் போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் எழுதி வைத்த உலகம், வீட்டின் மூலையில் வைக்கோற் படுக்கைமீது 21 நாள் தவங்கிடந்த இப்பறவையைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. ஆயினும், அதனைப் பேணிய முறைகளையும், அதன் தொழிலைத் தான் செய்ய முயன்ற மனிதன் அமைத்த கருவிகளையும் ஒருசேர நோக்கின், சுவைமிக்க வரலாறொன்று புலனாகும்.

வீட்டுக்கோழியின் மூதாதை ஆசியக் காடுகளில் வாழும் செங்காட்டுக்கோழியாகும். சாள்ஸ் டார்வின் 1868ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இக்கருத்தை வலியுறுத்தினார். 2022ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள், தாய்லாந்தின் பான் நொன் வாட் என்னும் இடத்திற் கிடைத்த எலும்புகளையே வீட்டுக்கோழி பற்றிய மிகப் பழைய சான்றாகக் கொள்கின்றன. அவை கி.மு. 1650க்கும் 1250க்கும் இடைப்பட்டவை. நெல்லும் தினையும் விளைந்த நிலங்களிற் சிந்திய மணிகளை நாடி வந்த காட்டுப்பறவை, நாளடைவில் மனிதனின் முற்றத்துக்கு உரியதாயிற்று என்பர். இலங்கையின் தேசியப் பறவையாகிய காட்டுக்கோழி அதன் உறவினமேயன்றி வேறோர் இனமாகும்.

முற்றத்துக்கு வந்த கோழி, காட்டில் தான் பயின்ற தாய்மையைக் கைவிடவில்லை. போதிய முட்டைகள் சேர்ந்ததும் அது முட்டையிடுவதை நிறுத்தி அடை கிடக்கத் தொடங்கும். குருதியிற் பெருகும் புரோலக்ரின் என்னும் ஓமோனே இம்மாற்றத்துக்குக் காரணமென இன்றைய அறிவியல் கூறுகின்றது. வயிற்றுப்புறத்து இறகுகள் உதிர, உடற்சூடு நேரே முட்டைகளைச் சென்றடைகின்றது. நாள்தோறும் பலமுறை அது முட்டைகளை அலகினாற் புரட்டுகின்றது. புரட்டாவிடின் உள்ளிருக்கும் கரு ஓட்டின் உட்புறச் சவ்வோடு ஒட்டிக் கெடும். இரைக்கும் நீருக்குமாக நாளுக்கொருமுறை சிறிது நேரமே கூட்டைவிட்டு எழும்.

இந்நிலையிலுள்ள கோழிக்கு மனிதன் செய்யவேண்டிய பணி பெரிதன்று. ஆனாற் பொறுமை வேண்டுவது. இருள் செறிந்த அமைதியான இடமும், உலர்ந்த வைக்கோலும், அருகே தானியமும் நீரும், புழுதி குளித்துப் பேனைப் போக்கிக்கொள்ளச் சிறிது மணலும் போதும். எலியும் கீரியும் பாம்பும் அணுகாமற் காப்பது அடுத்த கடமை. கோழியின் வேலையைத் தான் செய்ய முற்படாது, அது தன் வேலையைச் செய்ய இடங்கொடுப்பதே இப்பராமரிப்பின் சாரம்.

இதனைப் பண்டைய அறிஞரும் உணர்ந்திருந்தனர். கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில், கி.மு. நான்காம் நூற்றாண்டில், அடைவைத்த முட்டைகளின் உள்ளே கரு வளரும் வகையை ஆராய்ந்தார். மூன்று பகலும் மூன்று இரவும் கழிந்தபின் கருவின் இதயம் ஒரு செம்புள்ளியாய்த் துடிப்பதை அவர் எழுதி வைத்தார். உயிர் உருவாகும் முறையை மனிதன் கண்ணாரக் கண்டு பதிவுசெய்த மிகப் பழைய குறிப்புகளுள் அதுவும் ஒன்று.

உரோமரோ பயன் நோக்கி எழுதினர். கி.மு. 37ஆம் ஆண்டளவில் வேளாண்மை நூல் செய்த வாரோ, அடைவைத்து நான்கு நாட்களின் பின் முட்டையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, கருப்பற்றாததை நீக்கி வேறொன்றை வைக்குமாறு கூறினார். கி.பி. முதலாம் நூற்றாண்டினரான கொலுமெல்லா, ஒற்றைப்படை எண்ணிலேயே முட்டை வைக்கவேண்டுமென விதித்தார். குளிர்மிகுந்த தை மாதமளவில் 15, பங்குனியளவில் 19, அதன்பின் 21 என்பது அவர் கணக்கு. வெயில் ஏற ஏறக் கோழி கூடுதலான முட்டைகளைச் சூடேற்ற வல்லதாகும் என்பதே இதன் நியாயம். இடியினால் முட்டை கெடாதிருக்க வைக்கோலின் கீழ் இரும்பாணி வைக்கும் வழக்கத்தையும் அவர் குறிப்பிடுகின்றார். தமிழ்க் கிராமங்களிலும் அடைக்கூட்டில் இரும்புத்துண்டும் கரித்துண்டும் வைக்கும் வழக்கம் உண்டு என்பதை எண்ணுங்கால் வியப்பு மேலிடுகின்றது.

கோழியின்றியே குஞ்சு பொரிக்கும் முயற்சியில் முதலிற் பெயர்பெற்றது எகிப்து. மண்ணாலும் செங்கல்லாலும் அமைந்த சூளைகளில், கீழறையில் முட்டைகளைப் பரப்பி, மேலறையிற் சாணமும் வைக்கோலும் மூட்டி அனலை அடக்கி வைத்தனர். வெப்பமானி இல்லாத அக்காலத்தில், முட்டையைக் கண்ணிமைமீது வைத்து வெப்பத்தை மதிப்பிட்டனர். அப்பக்குவம் தந்தையிடமிருந்து மைந்தனுக்கு இறங்கியது. ஒரே சூளையில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் வெளிவரக் கண்ட ஐரோப்பியப் பயணிகள் திகைத்தனர். பிரான்சிய அறிஞர் ரெயோமூர் இக்கலையை ஆராய்ந்து 1749இல் நூலொன்றை வெளியிட்டார். நொதிக்கும் எருவின் சூட்டையும் வெப்பமானியையும் கொண்டு எகிப்தியரின் கைப்பக்குவத்தை அளவைக்குட் கொணர அவர் முயன்றார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், அமெரிக்காவின் பெற்றலுமா நகரில், அடைகாக்கும் பொறி வணிகப்பொருளாயிற்று. பொரித்த குஞ்சு, தன் வயிற்றுட் சேர்ந்த மஞ்சட்கருவைக் கொண்டே இரண்டொரு நாள் இரையின்றி உயிர்வாழ வல்லது. முதலிற் பொரித்த குஞ்சு பின்னதற்காகத் தாயின் சிறகின்கீழ்க் காத்திருக்கும்பொருட்டு இயற்கை வகுத்த ஏற்பாடு இது. இதனைப் பயன்படுத்தி, 1918ஆம் ஆண்டு முதல் அமெரிக்க அஞ்சற்றுறை ஒருநாட் குஞ்சுகளைப் பொதியாக ஏற்றுக்கொண்டது.

இப்பொறிகள் யாவும் கோழியைப் பார்த்து எழுதிய பிரதிகளே. ஏறத்தாழ 37½ பாகை செல்சியசு வெப்பம், அளவான ஈரம், தூய காற்று, இடையிடையே புரட்டல் என்னும் இந்நான்கையும் கோழி எவரிடமும் பயின்றதில்லை. ஆனால், பிரதி பெருகியபின் மூலத்துக்குக் கேடு நேர்ந்தது. அடை கிடக்கும் கோழி அந்நாட்களில் முட்டையிடாது. ஆகவே பண்ணையாளர் அவ்வியல்பில்லாதவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்து பெருக்கினர். வெள்ளை லெகோர்ன் போன்ற இனங்கள் இன்று அடை கிடப்பது அரிது. ஆண்டுக்கு முந்நூறு முட்டையளவும் இடவல்ல கோழி, தன் குலத்தைத் தானே தொடரும் வழியை இழந்து, மின்சாரத்தையும் பொறியையும் நம்பி வாழ்கின்றது.

பெருகிவரும் மக்களுக்கு உணவளிக்கும் பொறியைப் பழித்தல் நன்றன்று. ஆனால், முட்டை குறைவென்று ஊர்க்கோழியை ஒதுக்குதலும் நன்றன்று. மின்சாரமற்ற குடிசையிலும், பொருளற்ற ஏழைக்கும், கைப்பிடி தானியத்துக்கு ஈடாக ஒரு குஞ்சுக் கூட்டத்தையே அளிக்கவல்லது அது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழிவழி வந்த அவ்வறிவு அழிந்துபோமாயின், எப்பொறியாலும் அதனை மீண்டும் பொரித்தெடுக்க இயலாது. ஆகவே, வீட்டின் மூலையில் அடை கிடக்கும் கோழிக்கு 21 நாள் அமைதியும் காவலும் அளிப்பவர், குஞ்சுகளோடு அப்பேரறிவையும் காப்பவராவர்.