நீங்க பார்த்த சீரியல் கணக்குல வந்துச்சா? டிவி, மொபைல், லேப்டாப்... நம்மை எப்படி எண்ணுறாங்க?

மதுரை விளாங்குடியில ஒரு வீடு. கற்பனை வீடுதான். ஆனா, உங்க வீடு மாதிரியே இருக்கும். செவ்வாய்க்கிழமை ராத்திரி 9 மணி. ஹால்ல அம்மாவும் அப்பத்தாவும் சீரியல் முன்னாடி உட்கார்ந்தாச்சு. அக்கா வேலை முடிஞ்சு லேட்டா வந்ததால அன்னைக்கு எபிசோடை மிஸ் பண்ணிட்டாங்க. மறுநாள் காலையில பெரியார் போற பஸ்ல, காதுல இயர்போன் மாட்டி, ஆப்ல 12 நிமிஷம் பார்க்குறாங்க. பாத்திமா காலேஜ் தாண்டுறதுக்குள்ள சிக்னல் போயிடுது. மிச்சத்தை ஆபீஸ் லஞ்ச் பிரேக்ல லேப்டாப்ல பார்த்து முடிக்கிறாங்க. தம்பிக்கு சீரியலே பிடிக்காது. ஆனா, அதே எபிசோடுல இருந்து வெட்டிப் போட்ட 1 நிமிஷ ஷார்ட்ஸை நாலு தடவை ஓட விட்டுச் சிரிக்கிறான்.

இப்போ சொல்லுங்க, இந்த வீட்டுல அந்த எபிசோடைப் பார்த்தவங்க எத்தனை பேர்?

ஆட்களை எண்ணினா நாலு. சாதனங்களை எண்ணினாலும் நாலு: டிவி, அக்கா மொபைல், லேப்டாப், தம்பி மொபைல். ஆனா, டி.ஆர்.பி மீட்டர் அந்த வீட்டுல இருந்திருந்தா அதுக்குத் தெரிஞ்சது ரெண்டே பேர். ஆப்லயும் யூடியூப்லயும் 'ப்ளே' ஆனதைக் கூட்டினா ஆறு. எதுவும் பொய் இல்லை. ஒவ்வொண்ணும் வேற வேற பொருளை எண்ணுது. வாரா வாரம் 'நம்பர் 1', 'சாதனை வியூஸ்'னு வர்ற செய்திகளைப் புரிஞ்சுக்க, இந்த வித்தியாசம் தெரிஞ்சா போதும்.

டி.ஆர்.பி: ஒரு பானைக்கு ஒரு சோறு

இந்தியாவுல 1998-லிருந்து 'டேம்' என்ற நிறுவனம் டிவி ரேட்டிங்கை அளந்துவந்தது. பிறகு சேனல்கள், விளம்பரதாரர்கள், விளம்பர ஏஜென்சிகள் மூன்று தரப்பும் சேர்ந்து 2010-ல் 'பார்க் இந்தியா' அமைப்பை உருவாக்கின. 2015 ஏப்ரலிலிருந்து பார்க்தான் ரேட்டிங்கை வெளியிடுகிறது. சனி முதல் வெள்ளி வரை ஒரு வாரம். அதன் கணக்கு அடுத்த வியாழக்கிழமை வரும். சீரியல் டீம்கள் வியாழக்கிழமை ஆனா பதற்றமா இருக்கிறதுக்குக் காரணம் இதுதான்.

அளக்கும் முறை எளிமையானது. சேனல்கள் தங்கள் ஒலிபரப்பின் ஒலிக்குள் ஒரு ரகசியக் குறியீட்டைக் கலந்து அனுப்புகின்றன. நம்ம காதுக்கு அது கேட்காது. தேர்ந்தெடுக்கப்பட்ட வீடுகளில் டிவியோடு இருக்கும் மீட்டருக்குக் கேட்கும். எந்த சேனல், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் என்று அது குறித்துக்கொள்ளும். யார் பார்க்கிறார்கள் என்பது எப்படித் தெரியும்? வீட்டில் ஒவ்வொருவருக்கும் ரிமோட்டில் ஒரு பட்டன். டிவி முன்னாடி உட்காரும்போது அமுக்கணும், எழுந்து போகும்போதும் அமுக்கணும். அப்பத்தா மறந்துட்டா, கணக்குல அப்பத்தா இல்லை!

2025-ல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் சொன்ன கணக்குப்படி, நாட்டில் டிவி உள்ள வீடுகள் சுமார் 23 கோடி. மீட்டர் உள்ளவை சுமார் 58,000. அதாவது, மீட்டர் இருக்கும் ஒரு வீடு ஏறக்குறைய 4,000 வீடுகளின் சார்பில் பேசுகிறது. 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது பழமொழி. சோறு முழுக்க ஒரே பதத்தில் வெந்திருந்தால் அது சரி. அடியில் குழைந்து மேலே அரிசியாக இருந்தால், எந்த இடத்தில் எடுத்துப் பார்க்கிறோம் என்பதே முக்கியமாகிவிடும். அதனால்தான் ஊர், வசதி, வயது எனப் பிரித்துப் பார்த்து வீடுகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த வீடு என்பதையும் ரகசியமாக வைக்கிறார்கள்.

அந்த ரகசியம் உடைந்தால் என்னாகும் என்பதை 2020 அக்டோபரில் பார்த்தோம். மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுத்து குறிப்பிட்ட சேனல்களை ஓட விடச் சொன்னதாக மும்பை போலீஸ் வழக்கு பதிவு செய்தது. செய்தி சேனல்களின் ரேட்டிங்கை பார்க் நிறுத்திவைத்தது. 2022 மார்ச்சில்தான் அது மறுபடி வெளியானது.

மொபைல்ல நம்மை எப்படி எண்ணுறாங்க?

டிவியில் சில வீடுகளைப் பார்த்து எல்லா வீடுகளையும் கணிக்கிறார்கள். ஆன்லைனில் நேர் எதிர். ஒவ்வொரு சாதனமும் தானாகவே செய்தி அனுப்பும். நீங்க ப்ளே அமுக்கினது, நடுவுல நிறுத்தினது, பாட்டை ஓட்டி விட்டது, எத்தனாவது நிமிஷத்துல வெளியே வந்தீங்க... எல்லாமே ஆப் நிறுவனத்தின் சர்வருக்குப் போகும்.

அப்போ இதுதானே துல்லியமான கணக்கு? பாதிதான். சாதனத்தைப் பற்றி எல்லாம் தெரியும். அதைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்று தெரியாது. நம்ம விளாங்குடி வீட்டுல ஆப் லாகின் அப்பாவோட நம்பர்ல இருக்குன்னு வைங்க. பஸ்ல சீரியல் பார்க்கிறது அக்கா. ஆனா, கம்பெனி கணக்குல அது 54 வயசு ஆண். அக்காவுக்கு ஏன் ஓய்வூதியத் திட்ட விளம்பரமா வருதுன்னு இப்போ புரியுதா?

லாகின் இல்லாமல் பிரவுசரில் பார்த்தால் கதை மாறும். அங்கே 'குக்கீ' என்ற சின்ன அடையாளச் சீட்டை வைத்துத்தான் உங்களை நினைவு வைத்துக்கொள்வார்கள். மொபைலில் ஒரு சீட்டு, லேப்டாப்பில் வேறொரு சீட்டு. ஆள் ஒருத்தர்தான். கணக்கில் ரெண்டு பேர். குக்கீயை அழித்துவிட்டு மறுபடி வந்தால் மூணாவது ஆள்! இதற்கு நேர்மாறாக, டீக்கடையில் ஒரே மொபைலைச் சுற்றி எட்டு பேர் நின்று மேட்ச் பார்த்தால், கணக்கில் ஒருத்தர்தான்.

'வியூஸ்'னா எல்லாம் ஒண்ணு இல்லை மக்களே!

நாம அடிக்கடி ஏமாறும் இடம் இதுதான். ஒரே 'பார்வை' என்ற சொல்லுக்கு ஆளாளுக்கு ஓர் அர்த்தம் வைத்திருக்கிறார்கள்.

* பார்க்: சராசரி நிமிடப் பார்வையாளர் கணக்கு. 30 நிமிஷ நிகழ்ச்சி. 5 பேர் முழுசா பார்த்தாங்க, 5 பேர் 6 நிமிஷத்துல எழுந்து போயிட்டாங்க. மொத்தம் 180 நிமிஷம். அதை 30-ஆல் வகுத்தால் 6. எட்டிப்பார்த்தது 10 பேர். சராசரி 6 பேர்தான்.

* யூடியூப் ஷார்ட்ஸ்: 2025 மார்ச் 31 முதல், வீடியோ ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ. மறுபடி ஓடினால் இன்னொரு வியூ. இவ்வளவு நேரம் பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. தம்பி ஒருத்தனே நாலு வியூ.

* நெட்ஃபிளிக்ஸ்: ஒரு காலத்தில் இரண்டு நிமிடம் பார்த்தாலே கணக்கில் சேர்த்தது. 2021 நவம்பரில் மொத்தம் பார்த்த மணி நேரத்தை வெளியிடத் தொடங்கியது. 2023 ஜூனிலிருந்து அந்த மணி நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்து 'வியூஸ்' என்கிறது. 2 மணி நேரப் படத்தை 10 கோடி மணி நேரம் பார்த்தால் 5 கோடி வியூஸ். 5 கோடிப் பேர் முழுசா பார்த்திருக்கலாம். 10 கோடிப் பேர் இன்டர்வெல்லோடு கிளம்பியிருக்கலாம். ரெண்டுக்கும் ஒரே எண்தான்.

* கிரிக்கெட் லைவ்: 2023 நவம்பர் 19, இந்தியா - ஆஸ்திரேலியா உலகக் கோப்பை இறுதிப்போட்டி. ஹாட்ஸ்டாரில் 5.9 கோடி என்ற எண் திரையில் வந்தது ஞாபகம் இருக்கா? அது அந்த நொடியில் ஒரே சமயத்தில் இணைந்திருந்தவர்களின் உச்சக் கணக்கு. மேட்ச் முழுக்க இருந்த சராசரி அல்ல. வந்து போன மொத்தப் பேரும் அல்ல.

உச்சக் கணக்கையும் டிவியின் சராசரிக் கணக்கையும் பக்கத்தில் வைத்து 'மொபைல் டிவியை மிஞ்சியது' என்று யாராவது எழுதினால், அது கிலோவையும் லிட்டரையும் ஒப்பிடுவது போலத்தான்.

சரி, எல்லாத்தையும் கூட்டிட்டா என்ன?

கூட்டலாம். ஆனால், டிவியில் 60 பேர், மொபைலில் 50 பேர் என்றால் மொத்தம் 110 பேர் இல்லை. அந்த 50-ல் 30 பேர் ஏற்கெனவே டிவியில் பார்த்தவர்களாக இருந்தால், உண்மையான ஆட்கள் 80 பேர்தான். இந்த 30 பேரைக் கண்டுபிடித்துக் கழிப்பதுதான் இந்தத் தொழிலின் தலைவலி. அதற்கு, அதே மனிதர்களை எல்லாத் திரைகளிலும் பின்தொடர வேண்டும்.

பிரிட்டனில் 'பார்ப்' என்ற அமைப்பு இதைச் செய்கிறது. அவர்கள் தேர்ந்தெடுத்த வீடுகளில் டிவி மீட்டரோடு, வீட்டு இன்டர்நெட் ரவுட்டரோடு இணையும் மீட்டரும் உண்டு. டிவி, கம்ப்யூட்டர், டேப்லெட், மொபைல் என நான்கு திரைகளின் கணக்கை 2018 முதல் தருகிறார்கள். அமெரிக்காவில் நீல்சன் நிறுவனத்தின் கணக்குப்படி, 2025 மே மாதம் டிவி பெட்டியில் பார்த்த நேரத்தில் 44.8% ஸ்ட்ரீமிங். சாதாரண ஒலிபரப்பும் கேபிளும் சேர்ந்துகூட அதைத் தொடவில்லை. இப்படி ஒரே அளவுகோலில் வைத்ததால்தான் அவர்களால் ஒப்பிட முடிந்தது.

இங்கே? ஒவ்வொரு ஆப்பும் தன் கணக்கைத் தன் பெட்டியிலேயே பூட்டி வைத்திருக்கிறது. விரும்பிய எண்ணை விரும்பிய நேரத்தில் வெளியிடுகிறது. போதாக்குறைக்கு நம்ம ஊரில் வைஃபை இல்லாமல் மொபைல் டேட்டாவில் பார்ப்பவர்கள் அதிகம். ரவுட்டரில் மீட்டர் வைத்தால் பஸ்ஸில் பார்க்கும் அக்கா மாட்ட மாட்டார். இப்போதைய முறை இணையத்தோடு இணைந்த டிவியில் பார்ப்பதைக்கூடப் பிடிப்பதில்லை என்று அமைச்சகமே 2025-ல் ஒப்புக்கொண்டு, 2014-ல் வந்த ரேட்டிங் விதிகளைத் திருத்த வரைவு வெளியிட்டது.

'யாரோ எண்ணிட்டுப் போகட்டும், எனக்கென்ன?'

இருக்கு பாஸ். விளம்பரப் பணம் எண்ணிக்கையைப் பின்தொடர்ந்துதான் போகும். ஒரு சீரியல் தொடர்வதா, பாதியில் முடிவதா, எந்த நேரத்தில் ஒளிபரப்பாவது என்பதில் அந்த வியாழக்கிழமை எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹாலில் உட்கார்ந்து பார்க்கும் அம்மாவின் ரசனைக்கு அங்கே ஓட்டு இருக்கிறது. பஸ்ஸில் பார்க்கும் அக்காவுக்கு அந்தத் தேர்தலில் ஓட்டே இல்லை. 'நமக்குப் பிடிச்ச மாதிரி டிவியில எதுவுமே வர்றதில்ல'ன்னு நாம புலம்புறதுக்குப் பின்னாடி இந்தக் கணக்கும் இருக்கு. கணக்கில் வராதவர்களுக்காக யாரும் கதை எழுத மாட்டார்கள்.

இன்னொரு பக்கம், கணக்கில் வருவதற்கும் ஒரு விலை உண்டு. பல ஸ்மார்ட் டிவிகளில், திரையில் ஓடுவதைத் தானாக அடையாளம் கண்டு நிறுவனத்துக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. மீட்டர் வீட்டில் சம்மதம் கேட்டு, விளக்கிச் சொல்லி வைக்கிறார்கள். டிவியிலோ, முதல் நாள் நாம படிக்காம 'ஓகே' அமுக்கினதுதான் சம்மதம்! அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 1.1 கோடி டிவிகளில் முறையான சம்மதம் இல்லாமல் இப்படித் தகவல் எடுத்ததாக எழுந்த வழக்கை முடிக்க, 2017-ல் 22 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

நீங்க செய்யக்கூடிய 5 விஷயங்கள்

1. ஆப்பில் ஒவ்வொருவருக்கும் தனி புரொஃபைல் வையுங்க. பரிந்துரைகள் குழம்பாது. அப்பா கணக்கில் அக்கா ஒளிய வேண்டியதில்லை.

2. ஸ்மார்ட் டிவி செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போங்க. சாம்சங்கில் 'வியூவிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்', எல்ஜியில் 'லைவ் பிளஸ்' என்று இருக்கும். வேண்டாம் என்றால் அணைத்துவிடலாம். டிவி வழக்கம்போல ஓடும்.

3. ஆண்ட்ராய்டு மொபைலில் கூகுள் செட்டிங்ஸ், விளம்பரங்கள் பகுதியில் விளம்பர ஐடியை அழிக்கலாம். ஐபோனில், பின்தொடர அனுமதி கேட்கும் ஆப்புக்கு 'வேண்டாம்' சொல்லலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது.

4. 'டி.ஆர்.பி பாக்ஸ் வைக்கிறோம், இந்த சேனலை ஓட விட்டா மாசம் பணம்' என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிடுங்க. மீட்டர் வீட்டை அவர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள்; எந்த சேனல் பார்க்கணும்னு சொல்ல மாட்டார்கள்.

5. சாதனை எண் எதைப் பார்த்தாலும் மூணு கேள்வி கேளுங்க. எண்ணினது ஆளையா, சாதனத்தையா, ப்ளேயையா? எவ்வளவு நேரம் பார்த்தா கணக்கு? சொல்றது யார், எண்ணின கம்பெனியேவா, வெளி ஆளா?

அடுத்த முறை ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல 'நம்ம சீரியல்தான் இந்த வாரம் நம்பர் 1'னு அம்மா பெருமையா மெசேஜ் போட்டா, சண்டை போடாதீங்க. அம்மா சொல்றது சரியாத்தான் இருக்கும். அந்தக் கணக்குல நீங்க இல்லை, அவ்வளவுதான்!