கினோசாகி: ஊர்ப்பொது வெந்நீரும் ஒரு வழக்கும்

1913ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், டோக்கியோ நகரில் இரயில் மோதிப் படுகாயமுற்றார் ஷிகா நவோயா என்னும் இளம் எழுத்தாளர். உயிர் பிழைத்த அவர், உடல் தேறும்பொருட்டு அக்டோபரில் கினோசாகி என்னும் வெந்நீர் ஊற்று நகருக்குச் சென்று மூன்று வாரங்கள் தங்கினார். விடுதிக் கூரையின் ஓட்டின்மேல் ஒரு தேனீ இறந்து கிடந்தது. கழுத்தில் மீன் வாட்டும் குச்சி குத்தப்பட்ட எலியொன்று ஓடையில் தத்தளிக்க, கரையில் நின்றோர் அதன்மேல் கல்லெறிந்து களித்தனர். பிறிதொரு நாள், பல்லியை ஒத்த நீர்வாழ் சிற்றுயிர் ஒன்றை வெருட்டவே ஷிகா எறிந்த கல், குறி வையாமலே பட்டு அதனைக் கொன்றது. இம்மூன்று காட்சிகளைக் கொண்டு அவர் எழுதி 1917இல் வெளிவந்த 'கினோசாகியில்' என்னும் சிறுகதை, ஜப்பானியத் தன்வரலாற்றுப் புனைவில் தலையாய ஒன்றாக எண்ணப்படுகிறது. அவர் அங்கே தங்கிச் சென்றதற்கும் கதை அச்சேறியதற்கும் இடைப்பட்ட 1916இல்தான் பாரதியார் 'சுதேசமித்திரன்' இதழில் ஜப்பானியக் கவிதை பற்றி எழுதினார் என்பது ஈண்டு நினையத்தக்கது.

அக்கதையால் புகழ்பெற்ற ஊர், கதையினும் பன்னூறாண்டு மூத்தது. ஹியோகோ மாநிலத்தின் வடபால், ஜப்பான் கடலுக்கு அணித்தே, மலைகளுக்கிடையே ஓடும் ஓத்தானி என்னும் சிற்றாற்றின் இருகரையிலும் அது அமைந்துள்ளது. காயமுற்ற நாரையொன்று தன் காலை நனைத்து ஆற்றிக்கொண்டதைக் கண்டு ஊற்றினை அறிந்தனர் என்பது ஒரு கதை. தோச்சி என்னும் பௌத்தத் துறவி ஆயிரம் நாள் மந்திரம் ஓத, 720இல் வெந்நீர் பீறிட்டது என்பது மற்றொன்று. அத்துறவியின் பெயரோடு இணைத்துச் சொல்லப்படும் குளியலிடம் 'மந்தர-யு' எனப்படுகிறது. முன்பாதி 'மண்டலம்' என்னும் வடசொல்லின் ஜப்பானிய வடிவம். 'யு' என்றால் வெந்நீர். தமிழர்க்கு அறிமுகமான சொல்லொன்று, பௌத்தத்தின் கைபிடித்து அத்துணைத் தொலைவு சென்று ஒரு குளியலிடத்தின் பெயராய் நிற்கிறது.

இவ்வூரின் தனித்தன்மை ஊற்றில் இல்லை, அதனைப் பங்கிட்ட முறையில் உள்ளது. நெடுங்காலம் விடுதிகளில் குளியலறை கிடையாது. செல்வரும் எளியோரும் பருத்தி யுகாத்தா உடுத்து, கெத்தா என்னும் மரமிதியடி ஒலிக்கத் தெருவில் நடந்து, ஊர்ப்பொதுக் குளியலிடங்களுக்கே சென்றாக வேண்டும். ஊர் முழுமையும் ஒரே விடுதி, தெருவே அதன் இடைகழி, தனித்தனி விடுதிகள் அதன் அறைகள் என்று அவ்வூரார் சொல்லிக்கொள்வது வெற்று அணியன்று. ஊற்றுநீர் குறைவு, ஒருவர் தமக்கென ஈர்த்தால் மற்றவர் குளம் வற்றும். அச்சமும் அறமும் சேர்ந்து இயற்றிய வழக்கம் அது.

1925 மே 23ஆம் நாள், நண்பகல் உணவுக்கு அடுப்பு மூட்டிய வேளையில், வடதாஜிமா நிலநடுக்கம் நேர்ந்தது. வீடுகள் சரிந்தன, அடுப்புத் தீ மர ஊரைப் பற்றியது. கினோசாகியில் மட்டும் ஏறத்தாழ 270 பேர் மாண்டனர். ஷிகா கண்ட ஊர் சாம்பலாயிற்று. உயிர் பிழைத்தோர் தம் மனைகளில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்துத் தெருக்களை அகலமாக்கினர். அண்டையிலுள்ள கெம்புதோ குகைப்பகுதியின் கருங்கற்களைக் கொண்டு ஆற்றங்கரையைக் கட்டினர். கரையோரம் அலரி மரங்கள் நட்டனர். தீயைத் தடுக்கும் இடங்களில் கற்காரைக் கட்டடங்களை நிறுத்தி, விடுதிகளை மட்டும் பழையபடி மரத்தால் எழுப்பினர். இன்று பயணியர் தொன்மை என்று வியக்கும் தோற்றம் பெரும்பாலும் இந்த மறுகட்டுமானத்தின் விளைவே.

இத்தனை ஒற்றுமை கண்ட ஊர், இரண்டே ஆண்டுகளில் இருகூறாகியது. 1927இல் விடுதியொன்று தன் எல்லைக்குள்ளேயே வெந்நீர்க் குளியலறை அமைத்தது. நில உடைமை மேலும் கீழும் பரவும் என்பது ஜப்பானிய உரிமையியல் சட்டம். அங்ஙனமாயின் தன் மண்ணடியில் ஊறும் நீர் தன்னதன்றோ? ஊரார் ஒப்பவில்லை. ஊற்று, தலைமுறை தலைமுறையாக ஊர்ப்பொது. வழக்கமே சட்டம் என்றனர். வழக்கு நீதிமன்றம் ஏறியது. போர் வந்தது, போர் முடிந்தது, வழக்கு முடியவில்லை. 23 ஆண்டுகள் கழித்து, 1950இல், தீர்ப்பால் அன்றி உடன்பாட்டால் ஓய்ந்தது. விடுதிகள் உட்குளியலறை வைக்கலாம். ஆனால் அளவு சிறிதாகவே இருத்தல் வேண்டும். நீர் ஊர்ப்பொதுவாகவே நிற்கும். பின்னர் புதிய ஊற்றுகள் தோண்டப்பட்டு, எல்லா நீரையும் ஒன்றாய்த் திரட்டிக் குழாய்வழிப் பகிரும் முறை 1972இல் வந்தது. ஆகவேதான் இன்றும் விருந்தினர் விடுதியை விட்டுத் தெருவிலிறங்கிப் பொதுக் குளியலிடங்களை நாடுகின்றனர். அவற்றை ஏழு என எண்ணுவது ஊர் வழக்கு. இரு தரப்பினரையும் வரலாற்று நோக்கில் குறைகூற இயலாது. சட்டம் விடுதியார் பக்கம் சாய்ந்திருக்கலாம். ஆயினும் அவர் முழுதும் வென்றிருந்தால் தெரு வெறிச்சோடியிருக்கும், கெத்தா ஒலியும் கேட்டிராது.

நாரைக்கும் ஒரு பின்கதை உண்டு. ஜப்பானின் காட்டு நாரையினம் இவ்வட்டாரத்தில்தான் 1971இல் இறுதியாக அற்றுப்போயிற்று. வளர்ப்பிடத்தில் பேணிய பறவைகள் 2005இல் அதே டொயோஓக்காவின் வானில் மீண்டும் விடப்பட்டன. கினோசாகி அந்நகராட்சியோடு இணைந்ததும் அவ்வாண்டே.

ஷிகா வந்து சென்ற நூறாம் ஆண்டையொட்டி, விடுதியாரின் இளைய தலைமுறையினர் ஊருக்கெனவே ஒரு பதிப்பகம் தொடங்கினர். மகிமே மனாபு என்னும் நாவலாசிரியரை அழைத்துத் தங்கவைத்து எழுதச் செய்த நூல் 2014இல் வெளிவந்தது. அதன் பெயர் 'கினோசாகி வழக்கு'. ஆனால் அது வெந்நீர் வழக்கன்று. ஷிகாவின் கல்லால் மாண்ட அச்சிற்றுயிரின் கொலைக்கு எழுத்தாளர் ஒருவர் பதில் சொல்ல நேரும் கதை. நீர் புகாத தாளில் அச்சிட்டுத் துவாலைத் துணியால் உறையிட்ட அந்நூலைக் குளியல் தொட்டியில் அமர்ந்தே படிக்கலாம். ஊருக்குள் மட்டுமே அது விற்கப்படுகிறது.